உச்சிவேளையில் ஒரு பூட்டு

மீஞ்சூரில் ரயிலைவிட்டு இறங்கிக் கிழக்கே பார்த்தால் புகைபோக்கிகள். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், 2010-இல் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை என்று கடற்கரை வரைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன. மேற்கே போனால் ஊரே மாறிவிடும். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் இரைச்சல் தேய்ந்ததும் கொசஸ்தலை ஆற்றுப்படுகையின் வயல்கள் தொடங்கும். நடுநடுவே சரக்குப் பெட்டகக் கிடங்குகள், அவற்றின் வாசலில் டிரெய்லர் லாரிகள். சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஞாயிறு என்ற கிராமம் வரும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் புழல் கோட்டத்து ஞாயிறு நாடு என்று ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் இது. இன்றைக்கு அந்தப் பெருமை எதுவும் கண்ணில் படாது. புஷ்பரதேஸ்வரர் கோயில், ஒரு குளம், சில தெருக்கள், அவ்வளவுதான். சூரியன் வழிபட்ட தலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் நடமாட்டம் உண்டு. கண் நோய்க்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மற்ற நாள்களில் குருக்கள், பூக்காரப் பெண்மணி, நிழல் தேடி வரும் ஆடுகள். வேலை நாளில் நண்பகலுக்குப் போகிறவரை வரவேற்பது கம்பிக் கதவும் அதில் தொங்கும் பூட்டும்தான். நடை சாத்தியாயிற்று, இனி மாலையில்தான்.

இந்தப் பூட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஞாயிறு சாதாரண ஊர் இல்லை. சுந்தரமூர்த்தி நாயனாரின் இரண்டாம் மனைவி சங்கிலியார் பிறந்த ஊர். ஞாயிறு கிழவர் என்ற வேளாளத் தலைவரின் மகள் அவர். மணம் பேசியபோது, சிவனடியார் ஒருவருக்கன்றி வேறு யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று மறுத்துவிட்டு, திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிப் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்தார். திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்திருந்த சுந்தரர் ஒற்றியூருக்கு வருகிறார், சங்கிலியாரைப் பார்க்கிறார், நேரே இறைவனிடம் போய் அவளை எனக்குத் தரவேண்டும் என்று நிற்கிறார். சேக்கிழார் இந்தக் கதையைத் தனிப் புராணமாக்காமல் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வைத்துச் சொல்கிறார்.

அதில் ஒரு வேடிக்கையான கட்டம் உண்டு. பிரிந்து போகமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்று நிபந்தனை. சுந்தரருக்குத் தன்னைத் தெரியும், ஓர் ஊரில் கால் தரிக்காது. ஆகவே இறைவனிடம், நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கொஞ்சம் வெளியே மகிழ மரத்தடியில் போய் இரும் என்று கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சரி என்றுவிட்டு, சங்கிலியார் கனவில் போய், அவனிடம் மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். இரண்டு பக்கமும் ஏஜெண்ட் வேலை பார்த்த கடவுள்! மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்கிறார். வசந்த காலம் வந்து ஆரூர் நினைப்பு வந்ததும் மீறுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகின்றன.

அதற்குப் பிறகு அவர் நடந்த வழி இன்றைய திருவள்ளூர் மாவட்டம். வடதிருமுல்லைவாயிலில் பாடுகிறார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது, கண் கிடைக்கவில்லை. அந்த வெண்பாக்கம் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போய்விட்டது, கோயிலைப் பூண்டியில் திரும்பக் கட்டினார்கள். காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண் என்று கதை தெற்கே போய்விடுகிறது. சங்கிலியார் ஒற்றியூரிலேயே நின்றுவிடுகிறார். காப்பியம் அவரை மறுபடி நினைப்பது கடைசியில், கயிலையில். இந்தக் கதையில் ஏமாற்றப்பட்டவர் யார் என்று யோசித்தால் ஞாயிறு ஊர்க்காரர்களுக்குச் சுந்தரர் மேல் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தாலும் தப்பில்லை.

அதே புராணத்தில் வேறு இரண்டு நிகழ்ச்சிகள் வருகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கச்சூரில் சுந்தரர் நண்பகலில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். பரிசனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. இறைவன் ஒரு வேதியர் வடிவில் ஓடு ஏந்தி, வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சோறு இரந்து கொண்டுவந்து போடுகிறார். அங்கே இறைவனுக்கு இரந்திட்டீஸ்வரர், விருந்திட்டீஸ்வரர் என்றே பெயர். திருக்குருகாவூர் வழியில் தண்ணீர்ப்பந்தல் போட்டுப் பொதிசோறு கொடுத்ததாக இன்னொரு கதை. இரண்டிலும் பசி வருவது வழிநடையில். கடவுள் நடை சாத்திவிட்டு ஓய்வெடுக்கவில்லை, தெருவில் இறங்கி அலைந்திருக்கிறார். அப்படி மதியச் சோறு வாங்கித் தின்ற அடியாரின் மனைவி பிறந்த ஊரில், வெயிலில் வருகிறவருக்கு ஒரு திண்ணை கூடத் திறந்திருக்கவில்லை என்பது உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் அப்படிப் பூட்டாத கதவைப் பார்க்க வேண்டுமானால் குருத்வாராவுக்குத்தான் போகவேண்டும். குரு நானக் (1469–1539) தெற்கே வந்து இலங்கை வரைக்கும் போனதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அந்த நினைவில் ராமேசுவரத்தில் ஒரு சிறு குருத்வாரா இருக்கிறது. அக்னி தீர்த்தத்துக்கும் தனுஷ்கோடிக்கும் வேன் பிடித்துப் போகிற நம்மவர்களில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. சென்னையில் தியாகராய நகர் கோபதி நாராயணசாமி செட்டி சாலைக் குருத்வாரா பலருக்கும் தெரியும், அங்கே ஞாயிற்றுக்கிழமை லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாட்டில் பந்திக்கு உட்கார்கிறவர்களில் டர்பன் கட்டாதவர்களும் ஏராளம்.

குருத்வாராவில் முதலில் தெரிவது கொடிமரம். துணி சுற்றிய நெடுங்கம்பம், தொலைவிலிருந்தே இடம் காட்டும். அங்கே சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு என்பதற்கும் அதுவே அடையாளம். செருப்பை வாங்கி வைக்கும் இடத்தில் நிற்பவர் சம்பளத்துக்கு நிற்பவராக இல்லாமலிருக்கலாம். காரில் வந்து இறங்கிய பெரிய மனிதரும் அங்கே உட்கார்ந்து மற்றவர் செருப்பைத் துடைப்பதைச் சேவை என்று செய்கிறார். தலையை மூடத் துணி இல்லாதவர்களுக்குக் கூடையில் கைக்குட்டைகள். கால் நனைத்துக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்காரலாம், யாரும் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய கடா பிரசாதத்தை இரண்டு கையையும் குவித்து வாங்கவேண்டும். பிறகு பந்தி. எல்லோருக்கும் ஒரே தரை, ஒரே தட்டு, ரொட்டி, பருப்பு. தட்டுக் கழுவும் இடத்தில் நாலு பேர் வரிசையாக நிற்பார்கள், ஐந்தாவது ஆளாக யாரும் போய் நின்றுகொள்ளலாம்.

அமிர்தசரஸ் பொற்கோயில் பெரிய இடம். அதை விட்டுவிட்டுக் கிராமத்தைப் பார்க்கலாம். பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் குமான் என்று ஒரு சிற்றூர். பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய மராட்டிய அடியார் நாமதேவர், தையற்காரர் குலத்தில் வந்தவர், கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது மரபு. அவர் பாடல்கள் 61 குரு கிரந்த சாகிப்பில் சேர்ந்திருக்கின்றன. நாமதேவரின் நினைவிடம் இருப்பதால்தான் வெளியுலகுக்கு அந்த ஊரின் பெயரே தெரியும். 2015 ஏப்ரலில் அகில பாரத மராட்டிய இலக்கிய மாநாட்டைக் குமானில் நடத்தினார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து ரயில் ஏறி வந்த ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பஞ்சாபிக் கிராமம் தாங்கியது. ஒரு கிராமத்துக் கோயில் வெளியூர்க்காரரை எப்படி நடத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. நமது ஞாயிறில் அப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கினால் குடிக்கத் தண்ணீர் எங்கே என்பதே கேள்வியாகிவிடும்.

இந்த லங்கர் நமக்குப் புதிதும் அல்ல. 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தபோது, பெரியார் அங்கே போய்ப் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நாள்களில், பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர்கள் வந்து சத்தியாக்கிரகிகளுக்கு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். வெளியிலிருந்து வரும் சோறு போராட்டக்காரர்களின் சுயமரியாதைக்கு ஏற்றதல்ல என்று காந்தி எதிர்த்தார், அகாலிகள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். காந்தி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே சிலருக்கு உரிமையில்லை என்று சண்டை நடந்த இடத்தில், எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த கூட்டம் தானாகத் தேடி வந்தது என்பதைத் தமிழர்கள் கொஞ்சம் மறந்துதான் போனோம்.

பஞ்சாபுக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. பஞ்சாபில் குருத்வாராக்களைப் பிடித்துவைத்திருந்த மகந்துகள் என்ற நிர்வாகிகளுக்கு எதிராக நடந்த போராட்டம் கடுமையானது. 1921 பிப்ரவரியில் நன்கானா சாகிப்பில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன் விளைவாக 1925-இல் சீக்கிய குருத்வாராச் சட்டம் வந்தது. நிர்வாகம், வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் போயிற்று, பெண்களுக்கும் வாக்கு இருந்தது. அதே 1925-இல்தான் மதராஸ் மாகாணத்தில் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கோயில் சொத்தைச் சிலர் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்ற ஒரே புகாருக்கு இரண்டு மாகாணங்களும் இரண்டு வழியைத் தேர்ந்தெடுத்தன. அங்கே பக்தர்களின் வாக்கு, இங்கே வாரியமும் அதிகாரியும். எது சரி என்ற அரசியல் சண்டையை டிவி விவாதக்காரர்களுக்கு விட்டுவிடலாம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது சின்ன விஷயம். கோயில் யாருடையது என்று கேட்டால் குமான்காரர் என்னுடையது என்று நெஞ்சில் கை வைப்பார், நம்மூர்க்காரர் செயல் அலுவலரான இ.ஓ.வைக் காட்டுவார்.

குருத்வாராக்களில் எல்லாம் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதியைத் தாண்டிய பந்தி என்று பேசிக்கொண்டே பஞ்சாபிக் கிராமங்கள் பலவற்றில் தலித் சீக்கியர்கள் தங்களுக்கென்று தனிக் குருத்வாரா கட்டிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் அந்தச் சிரோமணி குழுவின் தேர்தல் கடைசியாக நடந்தது 2011-இல். வாக்குச் சீட்டு இருந்தும் பல வருஷம் தேர்தலே இல்லாமல் ஓட்டமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியிருந்தும் மதியம் ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தால் அவருக்கு ரொட்டி கிடைக்கிறது. அந்த ஒரு காரியத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

மீஞ்சூர் வட்டாரத்துக்கு அந்த ஒரு காரியம் மிகவும் தேவை. இங்கே மனிதர்களின் நாள் ஷிஃப்டால் ஆனது. ஏ ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது, கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது மூன்று. சி ஷிஃப்ட் முடித்துப் படுத்தவர் கண் விழிப்பதே நண்பகலில். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் லீவில் துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, கிளம்பி வரும்போது கோயிலில் திரை விழுந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் துறைமுகச் சாலையிலும் வேலை செய்யும் ஒடிசா, பிகார், வங்காளத்துப் பையன்களுக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லை. ரூமில் எட்டுப் பேர், வெளியே டாஸ்மாக், நடுவில் உட்கார ஒரு மரநிழல் இல்லை. துறைமுகக் கேட்டில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவர்களின் பாடு இன்னும் மோசம். குளிக்கவும் கால் கழுவவும் இடம் தேடி அலைகிறவர்கள் அவர்கள்.

கோயில்கள் இல்லாத வட்டாரமா இது? வடகாஞ்சி என்று பெயர் வாங்கிய மீஞ்சூரிலேயே ஏகாம்பரேஸ்வரரும் வரதராஜப் பெருமாளும் இருக்கிறார்கள். பக்கத்து மேலூரில் திருவுடையம்மன். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நாளில் மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்க்க வரும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், ஜனங்களுக்குப் பக்தி வற்றவில்லை. அன்றைக்கு மட்டும் கோயில்கள் நீண்ட நேரம் திறந்திருக்கின்றன, பிரசாதம் தொன்னை தொன்னையாக வருகிறது. அதாவது முடியாத காரியம் இல்லை, கூட்டம் வந்தால் முடிகிறது. ஒற்றை ஆளாக வருகிறவனுக்குத்தான் முடியவில்லை.

உடனே ஆகமம் குறுக்கே வரும். உச்சிக்கால பூசைக்குப் பிறகு நடை சாத்துவது முறை, சுவாமிக்கு ஓய்வு வேண்டும் என்பார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? கருவறையைச் சாத்துங்கள், திரை போடுங்கள். வெளி மண்டபத்துக்கும் மடைப்பள்ளிக்கும் ராஜகோபுரத்து நிழலுக்கும் ஆகமத்தில் தூக்கம் எழுதியிருக்கவில்லை. மண்டபங்களைக் கட்டிய காலத்தில் வழிப்போக்கர் படுத்து எழுந்து போகத்தான் கட்டினார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. திருட்டு. ஐம்பொன் சிலைகளைக் களவு கொடுத்துக் கொடுத்துக் கிராமக் கோயில்கள் பயந்துபோயிருக்கின்றன. எத்தனையோ ஊர்களின் உற்சவமூர்த்திகள் பாதுகாப்பு மையங்களில் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார்கள். காவலாளி இல்லாத கோயிலைத் திறந்துவைக்கச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு என்று குருக்கள் கோபப்பட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு கால பூசைத் திட்டத்தில் உள்ள கோயில்களின் அர்ச்சகருக்கு அரசு தரும் மாத ஊக்கத்தொகை சொற்பம். அதற்கு மேல் மதியக் காவலையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆகவே ஆள் போடவேண்டும், சம்பளம் கொடுக்கவேண்டும். ஆனால் ஒன்று: நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மண்டபத்தில் திருட வருகிறவன், பூட்டிக்கிடக்கும் பிராகாரத்தில் திருட வருகிறவனைவிட அதிகம் யோசிப்பான்.

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது, இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட கோயில்களில் நடக்கிறது. 2012-இல் ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுக்கச் சோறு போடத் தொடங்கி, பிறகு பல பெரிய கோயில்களுக்கு விரிந்தது. வருமானம் உள்ள கோயிலில் பந்தி, வருமானம் இல்லாத கோயிலில் பூட்டு என்று இருப்பதுதான் கோளாறு. மீஞ்சூரைச் சுற்றியுள்ள பெரிய நிறுவனங்கள் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியவை. இந்த வட்டாரத்தின் காற்றில் சாம்பலையும் சாலையில் பள்ளத்தையும் போட்டவர்கள் கொஞ்சம் அரிசியும் போடலாம். நிறுவனத்தின் பெயர் எழுதிய ஆர்ச் மட்டும் வேண்டாம்.

அரிசியைவிடக் கஷ்டமானது கைகள். லங்கர் நடப்பது பணத்தால் மட்டும் அல்ல. வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஊர் வருகிறது. நம் அன்னதானத்தில் உபயதாரர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், எச்சில் இலை எடுப்பது யாரோ ஒருவர், அந்த யாரோ யார் என்பதும் ஊருக்குத் தெரியும். ஒடிசாப் பையன் உட்காரும் வரிசையில் ஊர்ப் பெரியவர் உட்காருவாரா, சேரியிலிருந்து வந்தவர் கரண்டி பிடித்துப் பரிமாறினால் எழுந்து போகாமல் இருப்பாரா என்பதை ஒவ்வொரு ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அறநிலையச் சட்டம் அறங்காவலர் குழுவில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் பெண் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்கிறது. குழுவில் இருக்கும் உரிமை மடைப்பள்ளி வரைக்கும் வந்தால்தான் பந்தி பந்தியாகும்.

ஞாயிறில் தொடங்கலாம். முதலில் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், எப்படியும் அன்றைக்குச் சூரிய வழிபாட்டுக்கு ஆள் வருகிறது. பதினொன்று முதல் நாலு மணி வரைக்கும் வெளி மண்டபம் திறந்திருக்கட்டும். சாம்பார் சாதமும் மோரும் போதும். மீஞ்சூர் ரயில் நிலையத்திலிருந்து அந்த ஒரு நாளைக்காவது ஒரு மினி பஸ். வாசலில் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஒரு பலகை, உள்ளே வரலாம், சாப்பிடலாம், உட்காரலாம் என்று. மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடக்கும்போது, சங்கிலியாரின் பிறந்த வீட்டுச் சீராக ஞாயிறிலும் ஒரு பந்தி போடலாம். இதற்கெல்லாம் கோட்டையிலிருந்து அரசாணை வரவேண்டியதில்லை. தக்காரோ அறங்காவலரோ ஒரு தீர்மானம் எழுதி, உதவி ஆணையரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் அடுத்த மாதமே அடுப்பு மூட்டலாம்.

தண்ணீருக்கும் கழிப்பறைக்கும்தான் ஊராட்சி ஒன்றியத்தின் படி ஏறவேண்டியிருக்கும். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளாகச் சென்னைக்கு நிலத்தடி நீரை உறிஞ்சிக் கொடுத்ததில் கடல் உள்ளே வந்து, கிணறுகள் கிலோமீட்டர் கணக்கில் உப்பேறிப் போயின. ஆகவே கோயிலுக்கு ஒரு குடிநீர்க் குழாய் இணைப்பும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக ஒரு கழிப்பறையும், அதைக் கழுவ ஆளும் என்று மனுவில் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. அன்னதானத்துக்கு நன்கொடை தர முன்வருகிறவர்கள் நிறைய, இதற்குத் தருகிறவர்கள் கொஞ்சம்.